பின்னுக்கு நிக்கிறவனையும் பாருங்க: வாசகர் கேள்வி, உதைபந்துப் பதில்

போன இதழில லிவர்பூல் பழைய பின்வரிசை வீரர் ஜேமி கராகர் பற்றி ரெண்டு வரி எழுதியிருந்தன். கோல் அடிச்சுப் பேர் எடுக்காம, ஒரே கிளப்பில 17 சீசன் நின்ட ஆள், அவரைப் பார்த்துப் பழகுங்க என்டு. அதுக்கு மட்டக்களப்புப் பக்கமும் அம்பாறைப் பக்கமும் இருந்து கடிதம் வந்து குவிஞ்சிட்டு. அதால இந்த முறை முழுப்பக்கமும் அவருக்குத்தான்.

என்ட மகனுக்கு 14 வயசு. பள்ளிக்கூட டீமில முன்னுக்கு விளையாடினவன், இப்ப மாஸ்டர் பின்வரிசை நடுவில, ஸ்டொப்பர் பெக்கில போட்டுட்டார். வீட்ட வந்து சாப்பிடாமப் படுக்கிறான். நான் போய் மாஸ்டரோட கதைக்கட்டா?
— ஒரு அம்மா, ஆரையம்பதி

கதையுங்க அம்மா, கட்டாயம் கதையுங்க. ஆனா "திரும்ப முன்னுக்குப் போடுங்க" என்டு கேக்கப் போகாதீங்க, "இவன்ட்ட என்னத்தக் கண்டு பின்னுக்குப் போட்டீங்க" என்டு கேளுங்க. அந்தப் பதிலை மகன்ட காதிலயும் விழப் பண்ணுங்க. 14 வயசுப் பொடியனுக்கு இது தண்டனை மாதிரித்தான் தெரியும், ஏனென்டா எங்கட கிறவுண்டுகளில கோல் அடிச்சவனைத்தான் தோளில தூக்குவாங்க, கோல் விழாமத் தடுத்தவன் சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு தனிய நடந்து வீட்ட போவான்.

கராகரும் சின்னனில ஸ்ட்ரைக்கராத்தான் ஆடினவர். 1978 ஜனவரி 28ஆம் திகதி, லிவர்பூலோட ஒட்டி இருக்கிற பூட்டில் என்ட துறைமுக ஊரில பிறந்தவர். இங்கிலாந்து உதைபந்துச் சங்கம் லில்லிஷோலில நடத்தின பயிற்சிப் பள்ளிக்குத் தெரிவாகிப் போனவர், 1996ல யூத் கப் எடுத்த லிவர்பூல் டீமில மைக்கல் ஓவனோட இருந்தவர். அந்தப் பைனலில எதிர்ப்பக்கம் வெஸ்ட் ஹாம், அதில பிராங் லம்பாட்டும் ரியோ பேர்டினண்டும். 1997 ஜனவரியில பெரிய டீமுக்குள்ள வந்தார், முதல் முறை ஆரம்பத்தில இருந்தே இறங்கின மெட்ச் எஸ்டன் வில்லாவோட, மிட்பீல்டில நின்டு தலையால ஒரு கோலும் போட்டார். அதைப் பார்த்த ஒருத்தரும் இவர் பெரிய டிபென்டரா வருவார் என்டு நினைச்சிருக்க மாட்டாங்க.

மறுகா நடந்ததத்தான் மகனுக்குச் சொல்லுங்க. பயிற்றுநர் ஜெரார் ஊலியே அவரை ரைட் பெக்கில போட்டார், அதுக்குப் பிறகு லெஃப்ட் பெக்கில போட்டார். வலது கால்காரர் அம்மா இவர், இடது பக்கம் நிக்கிறது எவ்வளவு கஷ்டம் என்டு விளையாடினவங்களுக்குத்தான் தெரியும், பந்து வந்தாலே உடம்பு தப்பான பக்கம் திரும்பும். ஆனாலும் 2000–01 சீசன் முழுக்க அப்பிடித்தான் நின்டார், அந்த வருசம் லிவர்பூல் லீக் கப், எஃப்.ஏ. கப், யூஈஎஃப்ஏ கப் மூண்டையும் தூக்கினது. 2004ல ரஃபா பெனிட்டெஸ் வந்த பிறகுதான் நடுவில, சாமி ஹூப்பியாவுக்குப் பக்கத்தில, நிரந்தரமா நிக்க விட்டாங்க. அப்ப அவருக்கு வயசு 26. உங்கட மகனுக்கு இன்னும் 12 வருசம் கிடக்கு.

ஒருக்கா டீவி நிகழ்ச்சியில பக்கத்தில இருந்த கரி நெவிலை வச்சுக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் ஆருமே கரி நெவில் மாதிரி வரவேணும் என்டு ஆசைப்பட்டு வளர்றதில்ல என்டு கராகர் பகிடியாச் சொன்னவர். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த நெவில் இங்கிலாந்துக்கு ரைட் பெக்கா 85 மெட்ச் ஆடினவர். ஆசைப்படாத இடத்திலதான் கனபேருக்கு அவங்கட இடம் கிடைச்சிருக்கு. இண்டைக்கு மகனோட இருந்து ஒரு மெட்ச் பாருங்க, பத்து நிமிசம் பந்தைப் பார்க்காம ஸ்டொப்பரை மட்டும் பார்க்கச் சொல்லுங்க. சாப்பாடு தன்னால இறங்கும்.

போன மாதம் பைனலில என்ட காலில பட்டு எங்கட கோலுக்குள்ளயே பந்து போயிட்டு. 1–0 தோத்தம். டீம் பொடியன்மார் இன்னும் முகம் குடுத்துக் கதைக்கிறாங்க இல்ல. விளையாட்டை விட்டுடலாமா என்டு யோசிக்கிறன்.
— ஒரு பின்வரிசைக்காரன், திருக்கோவில்

விடாதீங்க தம்பி. 1999 செப்டம்பர், லிவர்பூல்ட சொந்தக் கிறவுண்ட் அன்ஃபீல்ட், வந்திருக்கிறது மென்செஸ்டர் யுனைடெட். அந்த ரெண்டு டீமுக்கும் இடையில இருக்கிற பகை உங்களுக்குத் தெரியும். கராகருக்கு 21 வயசு. அந்த ஒரே மெட்ச்சில தன்ட கோலுக்குள்ளயே ரெண்டு முறை பந்தைப் போட்டார், லிவர்பூல் 3–2 தோத்தது. நீங்க போட்டது ஒண்டு.

அவர்ட முழுக் கணக்கையும் கேளுங்க. பிரீமியர் லீக்கில 508 மெட்ச், எதிர்க் கோலுக்குள்ள அடிச்சது 3, தன்ட கோலுக்குள்ள போனது 7. சொந்தக் கோல் கணக்கில அவருக்கு மேல நிக்கிறவர் ரிச்சட் டன், 10. அவரும் நல்ல டிபென்டர்தான். இன்னொண்டு, 2006 எஃப்.ஏ. கப் பைனல், வெஸ்ட் ஹாமோட, அதில விழுந்த முதல் கோலே கராகர்ட காலில பட்டு உள்ள போனதுதான், லிவர்பூல் கப்டன் ஜெராட் கடைசி நேரத்தில தூரத்தில இருந்து அடிச்சு 3–3 ஆக்கி, பெனால்டியில வென்டு கப்பை எடுத்தாங்க. கராகர் அந்தக் கப்பை மற்றவங்களோட சேர்ந்து தூக்கினார், ஒருத்தரும் அவரைத் தள்ளி வைக்கல்ல.

ஏன் இப்பிடி நடக்குது என்டு உங்கட பொடியன்மாருக்கு விளங்கப்படுத்துங்க. பக்கவாட்டில இருந்து கோல் கீப்பருக்கும் பின்வரிசைக்கும் நடுவில வேகமா ஒரு பந்து வருது, நீங்க உங்கட கோலைப் பார்த்தபடி பின்னுக்கு ஓடிக்கொண்டு இருக்கிறீங்க, தொடாம விட்டா பின்னால வாற ஸ்ட்ரைக்கர் சும்மா தள்ளி விடுவான், தொட்டா எந்தப் பக்கம் போகும் என்டு சொல்ல ஏலாது. பத்து முறை தொட்டு ஒன்பது முறை கோர்னருக்குப் போகும், ஆரும் கை தட்ட மாட்டாங்க, பத்தாவது உள்ள போகும். பந்துக்குப் போகாம ஒதுங்கி நிக்கிறவன்ட பேரில சொந்தக் கோல் விழாது, அவனால விழுந்த கோல் ஸ்ட்ரைக்கர்ட பேரில எழுதப்படும். அந்தப் பந்தை உள்ள போட விட்டது எந்தப் பக்கத்து ஆள், கீப்பர் சத்தம் குடுத்தவரா இல்லையா, இதையும் இருந்து கதைங்க. சண்டைக்கு இல்ல, அடுத்த மெட்ச்சுக்கு. பயிற்சியில அந்த ஓட்டத்தைச் செய்யக்குள்ள உடம்பை நேரா வைக்காம சரிச்சு வச்சு ஓடிப் பழகுங்க, கோலுக்கு வெளியால போற பக்கம் காலைத் திருப்ப நேரம் கிடைக்கும்.

2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் பைனலை நித்திரை முழிச்சுப் பார்த்தனான். எல்லாரும் ஜெராட், கீப்பர் டூடெக் என்டுதான் கதைக்கிறாங்க. கராகர் அதில அப்பிடி என்ன செஞ்சவர்?
— ஒரு மூத்த ரசிகர், கல்லடி

ஐயா, இந்தக் கேள்விக்கு நன்றி. ஐரோப்பியக் கிளப்புகள்ட பெரிய கப்புக்கான அந்த மெட்ச், இத்தாலிக் கிளப் ஏசி மிலானோட, தொடங்கினது எங்கட நேரத்துக்கு மே 26 சாமம் 12.45க்கு. சுனாமி அடிச்சுச் சரியா அஞ்சு மாதம். உங்கட கல்லடி, டச்பார், நாவலடிப் பக்கம் ஆக்கள் இன்னும் கொட்டிலிலயும் முகாமிலயும் கிடந்த காலம் அது. அந்த நேரத்தில முழிச்சிருந்து மெட்ச் பார்த்த ஆக்களோட கதைக்கக்குள்ள எனக்கு ஒரு தனி மரியாதை வரும்.

முதல் நிமிசத்திலயே மல்டினி அடிச்சார், இடைவேளைக்கு முதல் கிரெஸ்போ ரெண்டு, ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. மூண்டாவது கோலுக்கு ககா போட்ட பாஸ் பின்வரிசையை ரெண்டாக் கிழிச்சுக்கொண்டு போனது, அதை இண்டைக்குப் பார்த்தாலும் வயிறு கலங்கும். இடைவேளையில பெனிட்டெஸ் ரைட் பெக் ஃபினனை எடுத்துட்டு மிட்பீல்டர் ஹமானை இறக்கினார், பின்வரிசையை மூண்டு பேரா மாத்தினார், கராகர், ஹூப்பியா, டிராவுறே. ஹமான் ககாவுக்கு முன்னால நின்டார். மெட்ச்சைத் திருப்பினது இந்த மாத்தம்தான் என்டு நான் நம்புறன், ஏனென்டா முதல் பாதியில ககா ஓடின அந்த இடம் அடைபட்டுட்டு.

54ஆவது நிமிசம் ஜெராட், 56ல ஷ்மிட்சர், மறுகா பெனால்டி. அந்தப் பெனால்டி எப்பிடிக் கிடைச்சது என்டு திரும்பப் போட்டுப் பாருங்க ஐயா. கராகர் பின்னால இருந்து பந்தைக் கொண்டு தானே முன்னுக்கு ஓடி வாறார், பாரோஷுக்குக் குடுக்கிறார், பாரோஷ் மெல்லத் தட்டி ஜெராட்டுக்கு விடுறார், கட்டூசோ ஜெராட்டை விழுத்துறார். அலொன்சோ அடிச்சதை மிலான் கீப்பர் டீடா தடுத்தார், திரும்பி வந்த பந்தை அலொன்சோவே உள்ள அடிச்சார், 3–3. ஆறு நிமிசத்தில மூண்டு கோல், அதில மூண்டாவது தொடங்கினது ஒரு ஸ்டொப்பர்ட காலில.

ஆனா எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிசு மேலதிக நேரம். அப்ப கராகருக்கு காலில நரம்பு இழுக்கத் தொடங்கிட்டு, பந்தைத் தடுக்கக் காலை நீட்டுறார், நரம்பு இழுத்து விழுறார், ஆக்கள் காலைப் பிடிச்சு நீட்டி விடுறாங்க, எழும்புறார், திரும்பவும் அதே காலை நீட்டுறார். மிலான் சும்மா இருந்தவங்க இல்ல, ஷெவ்சென்கோ கிட்ட நின்டு ரெண்டு முறை அடிச்சதை டூடெக் தடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெனால்டிக்கு முதல் டூடெக்கைப் பிடிச்சு, 1984 ரோம் பைனலில லிவர்பூல்ட பழைய கீப்பர் புரூஸ் குரொபலார் காலை நடுங்கிறமாதிரி ஆட்டி எதிரியைக் குழப்பினாரே, அதையே நீயும் செய் என்டு சொன்னதும் கராகர்தான். செர்ஜின்யோ மேல அடிச்சார், பிர்லோவையும் ஷெவ்சென்கோவையும் டூடெக் தடுத்தார், 3–2, கப் லிவர்பூலுக்கு. தான் பெனால்டி அடிக்காமலே அதை வெல்ல வச்சதில அவர்ட வாயும் இருக்கு.

நான் வேகமா ஓட மாட்டன். எங்கட பள்ளிக்கூடப் பெண்கள் டீமில பின்னுக்கு நிக்கிறன். வேகம் இல்லாம டிபென்டர் ஆக ஏலுமா?
— ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி, வாழைச்சேனை

ஏலும் தங்கச்சி. கராகர் வேகமான ஆள் இல்ல, அது அவரை வெறுக்கிறவங்களுக்கும் தெரியும், அவரை விரும்புறவங்களுக்கும் தெரியும். கால் பிந்தினா கண் முந்த வேணும். பந்தை வச்சிருக்கிறவள்ட தலையைப் பாருங்க: தலை குனிஞ்சு கால் பின்னுக்குப் போகுது என்டா நீளமா அடிக்கப் போறாள், அவள் அடிக்க முதலே ரெண்டு அடி பின்னுக்கு எடுங்க. அடிச்ச பிறகு ஓடத் தொடங்கினா வேகம் உள்ளவளுக்குத்தான் வெற்றி. எங்கட பக்கம் கச்சான் காத்து வீசுற நாளில இது இன்னும் முக்கியம், உயரத்தில வாற பந்து நினைச்ச இடத்தில விழாது, அந்த நாளில பந்தை முதல் துள்ளல் துள்ள விடாதீங்க.

அடுத்தது சத்தம். கராகர் மெட்ச் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார், பக்கத்தில நிக்கிறவனை இழுத்து இடத்தில நிப்பாட்டுவார், ஒரு ஆபத்து முடிஞ்ச பிறகும் ஏன் அது வந்தது என்டு ஏசுவார். முழுக் கிறவுண்டும் முன்னால தெரியிறது ஸ்டொப்பருக்கும் கீப்பருக்கும் மட்டும்தான், மிட்பீல்டில நிக்கிறவளுக்குத் தன்ட முதுகுக்குப் பின்னால என்ன நடக்குது என்டு தெரியாது, அதை நீங்கதான் சொல்ல வேணும். "ஏறு", "விடு", "என்ட", "பின்னால ஆள்" இவ்வளவும் காணும். கிறவுண்டில பொம்பிளைப் பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது என்டு சில பேர் சொல்லுவாங்க, அந்தக் கதையைக் காதிலயே போடாதீங்க, நல்லாக் கத்துங்க.

லீக் கப்பை ஒருக்காவும் வெல்லாத ஆளைப் பெரிய வீரர் என்டு எழுதுறீங்க, இது ஞாயமா?
— ஒரு யுனைடெட் ரசிகர், அக்கரைப்பற்று

ஒரு சின்னத் திருத்தம் சகோதரரே. லீக் கப் 2001, 2003, 2012 மூண்டு முறை எடுத்திருக்கார், நீங்க சொல்லுறது பிரீமியர் லீக் சாம்பியன் பட்டம். அது ஒருக்காவும் கிடைக்கல்ல, உண்மை. 2001–02ல ஆர்சனல் 87 புள்ளி, லிவர்பூல் 80. 2008–09ல உங்கட யுனைடெட் 90, லிவர்பூல் 86. ரெண்டாவதைப் பாருங்க, அந்த சீசனில லிவர்பூல் தோத்ததே 38ல 2 மெட்ச்தான், ஆனா சமன் 11. பின்வரிசை ஓட்டையா இருந்து போன பட்டம் இல்ல அது, வெல்ல வேண்டிய மெட்ச்சுகளில முன்னுக்கு இன்னொரு கோல் அடிக்காமப் போன பட்டம். அதுக்கு ஸ்டொப்பரைக் குற்றம் சொல்லுறது ஞாயம் இல்ல.

லிவர்பூலுக்கு 737 மெட்ச் ஆடினவர். அந்தக் கிளப்பில அவருக்கு மேல ஒரே ஒரு ஆள், இயன் கல்லகன், 857. ஆறு பயிற்றுநர் மாறினாங்க, ஒவ்வொருத்தரும் புது ஆள் வாங்கி வந்தாங்க, அந்தப் புது ஆக்கள் கனபேர் போயிட்டாங்க, இவர் நின்டார். பட்டம் ஒரு அளவுகோல்தான், நான் மறுக்கல்ல. ஆனா ஆறு பயிற்றுநரும் சனிக்கிழமை காலையில டீம் எழுதக்குள்ள அதே பேரை எழுதினாங்களே, எனக்கு அது இன்னும் பெரிய அளவுகோல்.

எங்கட பக்கம் சுற்றுப்போட்டி வந்தாக் காணும், பொடியன்மார் காசுக்கு வேற கிளப்புக்கு ஆடப் போயிடுறாங்க. கராகரைப் பார்த்தாவது திருந்த மாட்டாங்களா?
— கிளப் செயலாளர் ஒருத்தர், மருதமுனை

உங்கட மனவருத்தம் விளங்குது. ஆனா கராகரைக் காட்டி அவங்களை ஏச என்னால ஏலாது. அவருக்கு ஒரே கிளப்பில நிக்கிறதுக்கே நல்ல சம்பளம் கிடைச்சது. கூலிக்குப் போற பொடியனுக்கு ஒரு மெட்ச் காசு ஒரு கிழமைச் சாமான். அவனை நிப்பாட்ட வேணும் என்டா கிளப் அவனுக்கு என்ன செய்யுது என்டும் பாருங்க, காயம் பட்டா ஆஸ்பத்திரிக்கு ஆர் கூட்டிப் போறது, சப்பாத்து ஆர் வாங்கிறது. இன்னொண்டு தெரியுமா, கராகர் சின்னனில எவர்ட்டன் பைத்தியம், லிவர்பூல்ட பக்கத்துக்கிளப், பரம எதிரி. லிவர்பூல் அவரைச் சின்னனிலயே எடுத்து வளர்த்தது, மறுகா கடைசி வரைக்கும் அங்கதான் ஆடினார். 2010ல அவருக்காக நடத்தின பாராட்டு மெட்ச்சுக்கு அன்ஃபீல்டுக்கு வந்து ஆடினதும் அதே எவர்ட்டன்தான், அந்தக் காசு அவர்ட அறக்கட்டளை வழியா ஊர் வேலைகளுக்குப் போனது.

அவர்ட ஜேர்சி நம்பர் என்ன?
— 10ஆம் ஆண்டு மாணவன், நிந்தவூர்

23. அந்த அறக்கட்டளைக்கும் 23 என்டுதான் பேர் வச்சார்.

இங்கிலாந்துக்கு ஏன் அவர் பெரிசா ஆடல்ல? அந்தப் பெனால்டிதான் காரணமா?
— களுவாஞ்சிக்குடி வாசகர்

இல்ல. இங்கிலாந்துக்கு 38 மெட்ச். அந்தக் காலத்தில ஸ்டொப்பர் இடத்துக்கு நின்ட ஆக்களைப் பாருங்க, ரியோ பேர்டினண்ட், ஜோன் டெரி, சோல் கம்பெல். இவங்களுக்குப் பின்னால வரிசையில நிக்கிறது ஆருக்கும் கஷ்டம். 2002 உலகக் கிண்ணத்துக்கு முழங்கால் ஒபரேஷனால போகவே ஏலாமப் போயிட்டு.

2006 உலகக் கிண்ணப் பெனால்டிக் கதை இதுதான். ஜேர்மனி, கெல்சன்கேர்ஷன், போத்துக்கலோட காலிறுதி. பெனால்டிக்கு என்டே மேலதிக நேரம் முடியிற நேரத்தில அவரை இறக்கினாங்க. பந்தை வச்சார், திரும்பினார், ஓடி வந்து உள்ள அடிச்சார். ஆனா ரெஃப்ரி விசில் ஊதல்ல. திரும்ப அடிக்கச் சொன்னாங்க, ரெண்டாவதை போத்துக்கல் கீப்பர் ரிக்கார்டோ தடுத்தார், இங்கிலாந்து வெளியால. கோழை என்டு எழுதினவங்களும் இருக்காங்க, அதை என்னால ஏத்துக்கொள்ள ஏலாது. 2001 லீக் கப் பைனலில, பேர்மிங்ஹாமோட, பெனால்டி அடியில லிவர்பூல்ட கடைசிப் பெனால்டியை இதே ஆள்தான் உள்ள போட்டவர், கப்பும் லிவர்பூல்ட கைக்கு வந்தது. கால் ஒண்டுதான், நாள் வேற.

2007ல, இடம் கிடைக்கிறதில்ல என்டு இங்கிலாந்து டீமை விட்டார். 2010ல இங்கிலாந்துப் பயிற்றுநர் கப்பெல்லோ திரும்பக் கூப்பிட, தென்னாபிரிக்கா உலகக் கிண்ணத்துக்குப் போனார், ரெண்டு மெட்ச்சிலயும் மஞ்சள் அட்டை, மூண்டாவதுக்குத் தடை. அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

நான் 16 வயசுக்குட்பட்ட பொடியன்மாருக்குப் பயிற்சி குடுக்கிறன். பின்வரிசையைப் பழக்கக் கராகரை எப்பிடிப் பயன்படுத்தலாம்? அவர் இப்ப என்ன செய்யிறார்?
— ஒரு பயிற்றுநர், கல்முனை

2013 மே 19, அன்ஃபீல்டில குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோட ஆடினதுதான் கடைசி மெட்ச், லிவர்பூல் 1–0 வென்டது, கராகர் தூரத்தில இருந்து அடிச்ச ஒண்டு போஸ்டில பட்டு வந்தது. அந்த வருசத்தில இருந்தே டீவியில விளக்கம் சொல்லுற வேலை, கரி நெவிலோட. உங்களுக்குப் பயன்படுறது அதுதான் மாஸ்டர். அவர் கோலைக் காட்ட மாட்டார், கோலுக்கு நாலஞ்சு செக்கன் முதல் படத்தை நிப்பாட்டுவார், பின்வரிசை நாலு பேரும் எங்க நிக்கிறாங்க, ஆர் ஒரு அடி பிந்தி நிக்கிறார், அதைக் காட்டுவார். நீங்களும் போனில உங்கட மெட்ச்சை எடுத்து அதையே செய்யுங்க. பொடியன்ட பிழையை எல்லாருக்கும் முன்னால காட்டக்குள்ள அவன் சரியாச் செஞ்ச ஒண்டையும் பக்கத்தில காட்டுங்க.

கிறவுண்டில இது ஒண்டைச் செய்யுங்க: நாலு பின்வரிசைப் பொடியனை நிப்பாட்டி, பந்தை வேற ஆள் இடம் மாத்தி மாத்திக் கொண்டு போகட்டும், இவங்க நாலு பேரும் ஒரே கோட்டில பந்தோட சேர்ந்து நகர வேணும், ஒரு நிபந்தனை, ஸ்டொப்பர் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவங்க நகரலாம். முதல் நாள் அவன் வெக்கத்தில கத்த மாட்டான், கோடு குழம்பும். விடுங்க, குழம்பட்டும். ரெண்டு கிழமையில அந்தப் பொடியன்ட சத்தம் கல்முனை மார்க்கட் வரைக்கும் கேக்கும்.

அடுத்த இதழில கோல் கீப்பர்மார் பற்றி வந்த கடிதங்களுக்குப் பதில்.